பூட்டு திறக்கத் தெரிந்தால் அதற்கு என்ன விலை? 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தந்த கேரி கைகாக்ஸின் கதை

ஒரு மேஜை. அதைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மதகுரு, இன்னொருவர் திருடர். வாள்வீரருக்குச் சண்டை வரும். மந்திரவாதிக்கு நெருப்பை வரவழைக்கத் தெரியும். திருடருக்குப் பூட்டைத் திறக்கத் தெரியும்.

இந்த நால்வருக்கும் மேஜையில் ஒரே மாதிரி மரியாதை கிடைக்கணும். அப்படின்னா, நெருப்பு மந்திரத்துக்கு என்ன விலை? பூட்டு திறப்பதற்கு என்ன விலை?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் 50 ஆண்டுகளாக இதற்குப் பதில் எழுதி, அடித்து, திருப்பி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பதிலை முதலில் அட்டவணையாக அச்சில் போட்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சிறுவர்கள் கூடி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். இன்று மொபைல் கேமில் 'லெவல் ஏறிட்டேன்' என்று சொல்கிறோம் என்றால், அந்தப் பழக்கத்தின் வேரும் இவர்கள் விளையாட்டில்தான் இருக்கிறது.

யார் இந்த கைகாக்ஸ்?

1938 ஜூலை 27-ம் தேதி சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர், சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். மகனுக்கு மாயக் கதைகள் சொல்லி வளர்த்தவரும் அவரே. கைகாக்ஸுக்கு 8 வயதாக இருக்கும்போது, 1946-ல், குடும்பம் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிறு ஊருக்கு இடம் மாறியது. வாழ்நாளில் பெரும்பகுதி அவருக்கு அந்த ஊரில்தான் கழிந்தது.

சதுரங்கமும் கதைப் புத்தகமும்தான் அவருக்கு உலகம். படிப்பு ஒட்டவில்லை. அப்பா 1956-ல் இறந்துபோனார். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டார். கடற்படைப் பிரிவான மரைன்ஸில் சேர்ந்தார். உடல்நிலை காரணமாகச் சீக்கிரமே வீடு திரும்பினார். 1958-ல் திருமணம். பிறகு சிகாகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அண்டர்ரைட்டர் வேலை. அதாவது, எந்த ஆபத்துக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்குப் போடுகிற வேலை. எதற்கு எவ்வளவு விலை என்று அட்டவணை பார்த்துச் சொல்வது அவருக்குப் பிழைப்பாகவே இருந்தது.

ஓய்வு நேரம் முழுக்கப் போர் விளையாட்டு. 1968-ல் லேக் ஜெனீவாவில் ஒரு மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து விளையாட்டு ரசிகர்களைக் கூட்டினார். 'ஜென் கான்' என்ற பெயரில் அந்தக் கூட்டம் இன்றும் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கிறது.

1970-ல் காப்பீட்டு வேலை போனது. வீடு நிறையப் பிள்ளைகள். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலேயே செருப்பு தைத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் ஷூ ரிப்பேர், மறுபக்கம் விளையாட்டு விதிகள் எழுதுவது. அடுத்த சில ஆண்டுகள் அப்படித்தான் ஓடின.

படையிலிருந்து ஆளுக்கு வந்த கதை

1971-ல் ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார். இடைக்காலப் படைகளைப் பொம்மைகளாக மேஜையில் நிறுத்தி மோதும் ஆட்டம். அதன் பின்னிணைப்பில் டிராகன், மந்திரவாதி, மாவீரன் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி விலை. இரண்டு பேரும் ஒரே அளவு புள்ளிக்குப் படை வாங்கினால் ஆட்டம் நியாயமாக இருக்கும். கணக்கு சுத்தம்.

மினியாபோலிஸ் பக்கம் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தார். 'பிளாக்மூர்' என்ற தன் கற்பனை உலகில், ஒருவருக்கு ஒரு படை என்பதை விட்டுவிட்டு, ஒருவருக்கு ஒரே ஒரு பாத்திரம் என்று மாற்றினார். அந்தப் பாத்திரம் இந்த வாரம் தப்பித்தால் அடுத்த வாரமும் வரும், வளரும். 1972 இறுதியில் லேக் ஜெனீவாவுக்கு வந்து அதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸுக்குப் பொறி தட்டியது. 50 பக்கத்துக்கு வரைவு எழுதி, தன் மகனையும் மகளையும் வைத்தே ஆடிப் பார்த்தார். வரைவு 150 பக்கமாக வளர்ந்தது.

இங்கேதான் பழைய கணக்கு உதவவில்லை. போர் விளையாட்டில் எதிரெதிரே இரண்டு பேர். புள்ளி சமமாக இருந்தால் போதும். இந்தப் புது ஆட்டத்தில் நான்கு பேரும் ஒரே கட்சி. யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரிடம் எல்லாத் திறமையும் இருந்தால், மற்ற மூவரும் சும்மா வேடிக்கை பார்க்கணும். அதனால், ஒருவரின் திறமைக்கு விலை வைப்பது எதிரியிடமிருந்து காப்பாற்ற அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கும் வேலை மிஞ்ச வேண்டும் என்பதற்காக.

விலையை எங்கே ஒளித்து வைத்தார்?

அச்சிட யாரும் முன்வரவில்லை. 1973-ல் சிறுவயது நண்பர் டான் கேயுடன் சேர்ந்து 'டிஎஸ்ஆர்' நிறுவனத்தைத் தொடங்கினார். கேய் தன் ஆயுள் காப்பீட்டின் மீது 1,000 டாலர் கடன் வாங்கிப் போட்டார். பிறகு பிரையன் ப்ளூம் என்பவரும் பணத்தோடு சேர்ந்துகொண்டார். 1974 ஜனவரியில் விளையாட்டு வெளிவந்தது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். அச்சிட்டது 1,000 பிரதி. ஓராண்டுக்குள் தீர்ந்துபோனது.

அதில் இருந்தவை மூன்றே தொழில்கள்: வீரர், மந்திரவாதி, மதகுரு. திறமைகளைத் தனித்தனியாக விற்கவில்லை. ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தால் அதோடு வரும் திறமைகள் எல்லாம் ஒரே மூட்டை. சரி, விலை எங்கே? அனுபவப் புள்ளி அட்டவணையில்.

இரண்டாவது லெவலுக்குப் போக மதகுருவுக்கு 1,500 புள்ளி போதும். வீரருக்கு 2,000. மந்திரவாதிக்கு 2,500. மூவரும் ஒரே குகைக்குள் போய், ஒரே புதையலைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும், மதகுரு முதலில் ஏறுவார், மந்திரவாதி கடைசியில். அதுதான் மந்திரத்துக்கான வட்டி.

இது போதாதென்று தடைகளும் உண்டு. மந்திரவாதி கவசம் போடக் கூடாது. கையில் ஒரு குத்துவாள், அவ்வளவுதான். முதல் லெவலில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். சொல்லி முடித்ததும் அது மனதிலிருந்து அழிந்துவிடும். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட யோசனை அது.

திருடர் வந்ததும் என்ன சிக்கல்?

1974-ல், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியிலிருந்த ஒரு விளையாட்டுக் கடைக்காரர் தொலைபேசியில் கைகாக்ஸிடம் பேசினார். தங்கள் ஆட்டத்தில் 'திருடர்' என்று ஒரு தொழிலை ஆடி வருவதாகச் சொன்னார். கைகாக்ஸ் அதற்குத் தன் பாணியில் விதி எழுதி, 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில் சேர்த்தார்.

இந்த விளையாட்டில் திறமைகள் தனித்தனிப் பட்டியலாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதத்தோடு வந்தது திருடருக்குத்தான். 1978-ல் விரிவாக வெளியான 'அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக்காரர் கையேட்டின்படி, முதல் லெவல் திருடருக்குப் பூட்டு திறக்க 25 சதவீதம், சத்தமில்லாமல் நடக்க 15 சதவீதம், நிழலில் ஒளிய 10 சதவீதம். சுவர் ஏற மட்டும் 85.

நிழலில் ஒளிய 10 சதவீதம் என்றால், பத்தில் ஒன்பது தடவை மாட்டிக்கொள்வார். இவ்வளவு சுமாரான ஆளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? கைகாக்ஸும் அதிகம் கேட்கவில்லை. கிரேஹாக் நூலில் திருடர் இரண்டாவது லெவலுக்குப் போக வெறும் 1,200 புள்ளி. மந்திரவாதிக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை.

ஆனால் வேறொரு விலையும் இருந்தது. அது எந்த அட்டவணையிலும் இல்லை. அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் 'நான் திரைக்குப் பின்னால் ஒளிகிறேன்' என்று சொல்லலாம். நடத்துபவர் யோசித்து முடிவு சொல்வார். திருடருக்கு 10 சதவீதம் என்று எழுதியதும் கேள்வி எழுந்தது. அப்போ வாள்வீரர் ஒளிய முடியாதா? ஒரு பாத்திரத்துக்குத் திறமை என்று பெயர் வைத்துக் கொடுத்தால், மற்றவர்களிடமிருந்து அதைச் சத்தமில்லாமல் பிடுங்கியது போல ஆகிவிடுகிறது. பழைய ஆட்டக்காரர்கள் திருடரைப் பற்றி இன்றும் சண்டை போடுவது இதனால்தான்.

கணக்கு தப்பிய இடங்கள்

'அட்வான்ஸ்டு' வரிசையை கைகாக்ஸ் எழுதி முடித்தது 1977 முதல் 1979 வரை. அதில் ஆயுதப் பயிற்சிக்கும் விலை வந்தது. வீரர் நான்கு ஆயுதங்களோடு தொடங்குவார். ஒவ்வொரு மூன்று லெவலுக்கும் புதிதாக ஒன்று. பழகாத ஆயுதத்தை எடுத்தால் அடியில் 2 குறையும். மந்திரவாதிக்கு ஒரே ஆயுதம். அடுத்தது ஆறு லெவல் கழித்து. பழகாததை எடுத்தால் 5 குறையும். ஒரே வாள்தான், ஆனால் எடுக்கும் கையைப் பொறுத்து விலை மாறுகிறது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் பிடித்துக்கொண்ட நல்ல யோசனை இது.

எல்லாமே இப்படிச் சரியாக அமையவில்லை. மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, பயிற்சிக் கட்டணம். லெவல் ஏற வேண்டும் என்றால் ஆசானிடம் பணம் கட்டிப் பயிற்சி எடுக்கணும். லெவலை 1,500-ஆல் பெருக்கினால் வருவது ஒரு வாரக் கட்டணம், தங்கக் காசில். ஆடிய விதத்தைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வாரம். இந்த விளையாட்டில் ஒரு தங்கக் காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி. 'அட்வான்ஸ்டு' விதிப்படி திருடர் 1,251 புள்ளியில் லெவல் ஏறத் தகுதி பெறுகிறார். அவ்வளவும் தங்கத்தில் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், கையில் இருப்பது சுமார் 1,250 காசு. ஒரு வாரக் கட்டணத்துக்கே பற்றாது! தகுதி வந்துவிட்டது, ஃபீஸ் கட்டத்தான் காசில்லை.

இரண்டாவது, மந்திரவாதியின் அட்டவணை. தொடக்கத்தில் அவருக்குத்தான் அதிக விலை. ஐந்தாவது லெவலுக்கு வீரர் 18,001 புள்ளி, மந்திரவாதி 22,501. ஆனால் எட்டாவது லெவலுக்குப் போங்கள்: வீரருக்கு 125,001, மந்திரவாதிக்கு 90,001. நெருப்பும் மின்னலும் கைவசம் வந்த பிறகு, விலை குறைகிறது. பலவீனமாக இருக்கும்போது வசூல், பலம் வந்த பிறகு தள்ளுபடி.

மூன்றாவது, குள்ளர்கள், ஹாபிட்கள் போன்ற மனிதரல்லாத பாத்திரங்கள். குள்ளருக்குச் சுரங்கத்தில் பொறிகளும் நகரும் சுவர்களும் கண்ணில் படும். மந்திரத்தைத் தாங்கும் சக்தியும் கூடுதல். இதற்கு 1974 விதியில் கேட்ட விலை: குள்ளர் 6-வது லெவலுக்கு மேல் போகக் கூடாது. ஹாபிட் என்றால் 4-வது லெவலோடு சரி. மனிதர்கள் மையமாக இருக்கும் உலகம்தான் கைகாக்ஸுக்குத் தேவைப்பட்டது. அதற்கான ஏற்பாடு இது. ஆனால் இன்று வாங்கி, மூன்று வருடம் கழித்துப் பணம் கட்டும் திட்டம் மாதிரி இது. ஆட்டம் அதற்குள் நின்றுபோனால் எல்லாம் இலவசம். நீடித்தால், நண்பர்கள் மேலே போய்க்கொண்டே இருக்க, அந்த ஒருவர் மட்டும் அதே படியில் நிற்பார்.

மற்றவர்கள் சொன்ன பதில்கள்

கைகாக்ஸ் மூட்டையாக விற்றதை மற்றவர்கள் பிரித்து விற்கத் தொடங்கினார்கள். 1977-ல் மார்க் மில்லரின் 'டிராவலர்' விளையாட்டு, திறமைக்கு வயதை விலையாக வைத்தது. நான்கு ஆண்டு பணி செய்தால் திறமை கிடைக்கும். இன்னும் வேண்டுமா, இன்னும் நான்கு ஆண்டு. வயது ஏற உடல் தளரும். ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் பணியில் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்', எந்தத் திறமையைப் பயன்படுத்தி வெற்றி பெறுகிறோமோ அதுவே வளரும் என்றது. 1986-ல் ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' 100 புள்ளிகளைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பியது. சுலபமான திறமை மலிவு, கடினமானது அதிக விலை. ஏதாவது குறையை ஏற்றுக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கற்றுக்கொள்ளக் கடினமாக இருப்பதும், ஆட்டத்தில் பயன்படுவதும் ஒன்றல்ல. கடல் இல்லாத கதையில் கப்பல் ஓட்டும் திறமைக்கு எவ்வளவு கொடுத்தாலும் வீண்தான். நடத்துபவர் என்ன கதை வைத்திருக்கிறார் என்று விலைப்பட்டியலுக்குத் தெரியாது. கைகாக்ஸ் நீண்ட காலம் மூட்டையிலேயே நின்றார். இது விளையாட்டு, நிஜ வாழ்க்கையின் நகல் அல்ல என்பது அவர் கட்சி.

சொந்தக் கம்பெனி கைநழுவியது எப்படி?

டான் கேய் 1975 ஜனவரியில் மாரடைப்பால் இறந்தார். வயது 36. அவருடைய பங்கை வாங்கவும் கம்பெனியை விரிவாக்கவும் ப்ளூம் குடும்பத்தின் பணம் வந்தது. பெரும்பான்மைப் பங்கு கைகாக்ஸை விட்டுப் போனது. 1979-ல் ஆர்னெசன் தன் பங்குக்கான உரிமைத் தொகை கேட்டு வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆனது. சேர்ந்து உருவாக்கிய இருவர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றது, ரசிகர்களுக்கு இன்றும் வருத்தம்தான்.

1983-ல் கைகாக்ஸ் கார்ட்டூன் தொடர் வேலையாக ஹாலிவுட் போனார். திரும்பி வந்தபோது கம்பெனி 15 லட்சம் டாலர் கடனில் இருந்தது. உடனே பணம் வேண்டும். 1985-ல் 'அனெர்த்டு ஆர்கேனா' என்ற நூலைக் கொண்டுவந்தார். அதில் 'பார்பேரியன்' என்ற புதிய தொழில். பலம் அபாரம், ஆனால் இரண்டாவது லெவலுக்கே 6,001 புள்ளி. எவ்வளவு விலை ஏற்றினாலும் மேஜையில் பக்கத்து ஆளை மறைத்துவிடுகிறது என்ற விமர்சனம் வந்தது. அதே ஆண்டு கைகாக்ஸ் பெயரைத் தாங்கி வந்த 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' நூலில், சண்டைக்கு வெளியே உள்ள திறமைகளைத் தனியாகக் கற்கும் முறை முதன்முதலாக இடம்பெற்றது. அதில் பெரும்பகுதியை எழுதியவர் டேவிட் குக்.

புத்தகங்கள் விற்றன. கம்பெனிக்கு மூச்சு வந்தது. ஆனால் அதே 1985 அக்டோபரில், கைகாக்ஸே நிர்வாகத்துக்குக் கூட்டிவந்த லொரெய்ன் வில்லியம்ஸ், ப்ளூம் குடும்பத்தின் பங்குகளை வாங்கிக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார். கைகாக்ஸ் நீதிமன்றம் போனார், தோற்றார். 1986-ல் வெளியேறினார்.

மூட்டையை அவிழ்த்த கைகாக்ஸ்

1992-ல் 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்ற புதிய விளையாட்டோடு வந்தார். லெவல் அட்டவணைக்குப் பெயர் போனவர், இதில் நீண்ட திறமைப் பட்டியல் போட்டிருந்தார். மனம், உடல், ஆன்மா என்ற மூன்று தூண்கள். அவற்றின் கீழ் ஏகப்பட்ட அறிவும் திறமையும். டிஎஸ்ஆர் அவர் மீது வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம்: உரிமையை டிஎஸ்ஆரே வாங்கி, அந்த விளையாட்டை முடக்கியது.

1999-ல் மீண்டும் ஒன்று, 'லெஜெண்டரி அட்வெஞ்சர்'. இந்த முறை எளிமை. எந்தத் தொழிலிலும் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடர்புடைய திறமைகளைச் சிறு கட்டுகளாகக் கட்டி வைத்தார். முழு மூட்டையும் அல்ல, சில்லறையும் அல்ல, இரண்டுக்கும் நடுவே. 60 வயதில் ஒருவர் தன் பெயரை நிலைநாட்டிய முறையையே கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை முயன்று பார்க்கிறார் என்பது சாதாரணம் இல்லை.

டிஎஸ்ஆரை 1997-ல் 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் வாங்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில், எல்லாத் தொழிலுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை. திருடரின் மலிவும் மந்திரவாதியின் வட்டியும் ஒரே நாளில் மறைந்தன. பதிலாகத் திறமைப் புள்ளிகள் வந்தன: லெவலுக்கு வீரருக்கு 2, திருடரின் வாரிசான 'ரோக்' என்ற தொழிலுக்கு 8. சொந்தத் தொழிலுக்குரிய திறமை ஒரு புள்ளி. அடுத்தவர் தொழிலின் திறமை இரண்டு புள்ளி. வாள்வீரரும் ஒளியலாம், ஆனால் இரட்டை விலை. திருடர் வந்த நாளில் எழுந்த கேள்விக்கு, கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த ஒரு பதில்.

கைகாக்ஸுக்கு 2004-ல் பக்கவாதம் வந்தது. வேலையைக் குறைத்துக்கொண்டார், நிறுத்தவில்லை. லேக் ஜெனீவா வீட்டில் நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தார். 2008 மார்ச் 4-ம் தேதி, 69 வயதில் காலமானார். ஆர்னெசன் அடுத்த ஆண்டே மறைந்தார். இப்போது ஒவ்வோர் ஆண்டும் லேக் ஜெனீவாவில் 'கேரி கான்' என்ற பெயரில் ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள்.

புதிதாக விளையாட்டு எழுத நினைப்பவர்களுக்கு அவருடைய அட்டவணைகள் இன்றும் நல்ல பாடம், தப்பிய கணக்குகளும் சேர்த்துத்தான். ஒரு திறமைக்கு எத்தனை புள்ளி என்று தாளில் எழுதும் முன் மூன்று விஷயம் பார்க்கணும். அது எவ்வளவு அடிக்கடி பயன்படும்? விலையை எப்போது கட்டணும்? அதை ஒருவருக்குக் கொடுத்தால் மேஜையில் இன்னொருவருக்கு என்ன மிச்சம் இருக்கும்? முதல் இரண்டுக்கும் கணக்கு போட்டுவிடலாம். மூன்றாவதற்கு, கைகாக்ஸ் தன் பிள்ளைகளோடு செய்த மாதிரி, நாலு பேரை உட்கார வைத்து ஆடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.